கீழ்க்குரல்

பகல் பன்னிரண்டரை மணி. ராத்திரி இல்லை, பட்டப்பகல். பேய்க்கதை என்றால் நடுச்சாமமும் சுடுகாடும் நாய் ஊளையும் வேண்டும் என்கிறவர்கள் இப்போதே எழுந்து போய்ப் படுத்துக்கொள்ளலாம். மற்றவர்கள் கிட்டே வாருங்கள். கடைசியில் இருப்பவன் அந்தக் கதவைச் சாத்து... தாழ் போட வேண்டாம், சும்மா சாத்து.

பங்குனி வெயில். வெண்ணந்தூரிலிருந்து தெற்கே பிரிகிற ஒற்றைத் தார்ச்சாலை. இரண்டு பக்கமும் அறுவடை முடிந்த சோளக்காடு. ஆள் இல்லை. மேய்கிற ஆடுகூட இல்லை. தறிச் சத்தமும் இல்லை... அதுதான் விசேஷம். அந்தப் பக்கம் விடிந்தால் அடைந்தால் விசைத்தறி ஓடிக்கொண்டே இருக்கும். டடக் டடக் டடக்... அங்கே பிறக்கிற பிள்ளைக்கு அதுதான் தாலாட்டு. மாதத்தில் ஒரு நாள் பராமரிப்பு என்று சொல்லிக் காலையில் கரண்டை நிறுத்துவார்கள். சாயங்காலம்தான் வரும். அன்றைக்கு மட்டும் ஊர் மூச்சு விடாது. அப்படி ஒரு நாள் அது.

அந்தச் சாலையில் மொபெட்டில் தனியாக வந்துகொண்டிருந்தாள் கயல்விழி. என் கூட்டாளி சிவக்குமார் இருக்கிறானே, அவனுக்குச் சித்தி மகள். தறிப் பட்டறையில் நூல் சுற்றுகிற வேலை. கரண்ட் இல்லாததால் வீட்டுக்குத் திரும்புகிறாள். நடுச்சாலையில் போன் அடித்தது.

எடுத்துப் பார்த்தாள். சென்னிமலை.

சென்னிமலை யார் என்றால், சங்ககிரி மலையடியில் பட்டறை வைத்திருக்கும் ரிக் வண்டி முதலாளி. வடக்கே போய்ப் போர்க்குழி, அதாவது ஆழ்துளைக் கிணறு, போடுகிற வண்டிகள். அதில் ஒரு வண்டியில்தான் கயல்விழியின் புருஷன் அன்பு வேலைக்குப் போயிருந்தான். மூன்று வாரமாக அவனிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. மேனேஜரைக் கேட்டால் "காட்டுக்குள்ள இருக்காங்க, சிக்னல் இல்லைங்க" என்ற ஒரே பாட்டு. முதலாளி போனையே எடுக்கவில்லை. இப்போது அவரே கூப்பிடுகிறார்.

"ஏனுங்க முதலாளி, அவரு எங்கீங்க? நல்லா இருக்காருங்களா?"

முதலில் மூச்சுச் சத்தம்தான் வந்தது. ஈ...ஈக். சின்ன வயதில் சென்னிமலையும் போர் வண்டியில் நின்றவர்தான். கல்தூள் நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. எதைப் பேசினாலும் முன்னால் தொண்டையில் ஒரு விசில் கிளம்பும்.

ஈ...ஈக். "உன்ற புருசன் ஓடிப்போயிட்டான் அம்முணி."

"என்னங்க?"

"அங்க ஒருத்தியோட சகவாசமாமா. சொல்லாமக் கொள்ளாம வண்டிய உட்டு எறங்கிப் போயிட்டான். ஆளு பத்தாம என்ற வண்டி நிக்குது. நானே வகுறெரிஞ்சு கெடக்குறேன். நீ வேற போனு மேல போனு போட்டு உசுர வாங்காத."

வைத்துவிட்டார்.

அழுதாளா என்று கேட்காதீர்கள். அழவில்லை. மொபெட்டை ஓரமாக நிறுத்தி, கொதிக்கிற தார்மேல் செருப்பு இல்லாமல் இறங்கி நின்றாள். சூடு உறைக்கவில்லை. உச்சந்தலை வரைக்கும் கோபம். அன்பு ஓடிப்போனானா? சாயங்காலம் தேநீருக்குச் சர்க்கரை கூடவா குறைவா என்பதைக்கூட இவளிடம் போனில் கேட்டுவிட்டுக் குடிக்கிற ஆள் அவன். அவன் ஓடிப்போனானாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, இவர் பூசணிக்கொடியையே மறைக்கப் பார்த்தார்.

இந்த இடத்தில் அவர்கள் இரண்டு பேரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சொன்னால்தான் மேற்கொண்டு விளங்கும். அவர்கள் பாடுகிறவர்கள். மேடைப்பாட்டு, கச்சேரி எல்லாம் இல்லை. வீட்டிலேயே பாடிப் பதிந்து யூடியூப்பில் ஏற்றுவார்கள். வீட்டின் பின்னறையில் கோழிப்பண்ணை முட்டை அட்டைகளைச் சுவர் முழுக்க ஒட்டியிருந்தான் அன்பு. உள்ளே பேசினால் பேச்சு நம் வாய்க்கே திரும்பி வரும், எதிரொலி இருக்காது. ஒரு பழைய லேப்டாப், ஒரு மைக். தறிச் சத்தம் ஓயும் கரண்ட் நிறுத்த நாளில், பேட்டரியில் போட்டுப் பதிவார்கள். அதுதான் அவர்களுக்குப் பண்டிகை.

மேலே பாடுவது கயல்விழி. அன்புவுக்குக் குரல் மேலே ஏறாது. ஆனால் அவள் பாட்டுக்குக் கீழே தோதாக ஓர் இடம் பிடித்து, அதே சொல்லை, அதே மூச்சில், வேறு சுரத்தில் சொல்வான். கீழ்க்குரல் என்பார்கள் அவர்கள். தனியாகக் கேட்டால் என்னமோ முனகுகிற மாதிரி இருக்கும். அவள் குரலோடு வைத்தால்... சும்மா சொல்லக்கூடாது, சாய்ந்த சுவருக்கு முட்டுக் கொடுத்த மாதிரி பாட்டு நிமிர்ந்துவிடும்.

அவன் வடக்கே போன பிறகும் பாட்டு நிற்கவில்லை. இவள் பாடி அனுப்புவாள். அவன் வண்டி கேபினில் போர்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு, காதில் அவள் பாட்டைக் கேட்டபடி, போனில் கீழ்க்குரலைப் பாடி அனுப்புவான். ஆரம்பிக்கும் முன் ஸ்பேனரால் கதவு இரும்பில் ஒரு தட்டு. டிங். இவள் பாட்டின் ஆரம்பத்திலும் ஒரு தட்டு இருக்கும், கரண்டியால். லேப்டாப்பில் இரண்டு தட்டையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தால் போதும்... இரண்டு குரலும் தானாகச் சேர்ந்துகொள்ளும். அந்த டிங்கை மறந்துவிடாதீர்கள்.

சாலையில் விட்டோமே, அங்கே வருவோம். வீட்டுக்கு வந்தாள். அவள் போனில் வருகிற பேச்செல்லாம் தானாகப் பதிவாகும். அவர் சொன்னதை இன்னொரு தடவை கேட்டால் எங்கே பொய் என்று பிடித்துவிடலாம் என்று நினைத்தாள். பின்னறைக்குப் போய், லேப்டாப்பில் ஏற்றி, ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். வெளியே தறி இல்லை, மின்விசிறி இல்லை. வேர்வை கழுத்தில் இறங்குகிற சத்தம்கூடக் கேட்கும், அவ்வளவு அமைதி.

முதலில்... டிங்.

அப்புறம் முதலாளியின் விசில். ஈ...ஈக். அப்புறம் பேச்சு. "உன்ற புருசன் ஓடிப்போயிட்டான் அம்முணி."

அதற்குக் கீழே இன்னொரு குரல். அதே சொல். அதே வேகம். கீழ்ச் சுரத்தில், மெதுவாக, ராகமாக...

"உன்ற புருசன் ஓடிப்போயிட்டான்..."

அன்புவின் குரல்.

ஹெட்போனைப் பிடுங்கிப் போட்டாள். அறையில் ஈரக் கல்தூள் வாசனை. குழி போடும்போது ஆழத்திலிருந்து அரைத்துக் கொட்டுமே சாம்பல் நிறச் சேறு, அந்த வாசனை... டீசலும் கலந்து. அவன் லீவுக்கு வரும்போது சட்டையில் வருகிற வாசனை அதுதான்.

திரும்ப மாட்டிக்கொண்டாள். தைரியசாலி, நான் என்றால் அன்றைக்கே ஊரைக் காலி செய்திருப்பேன். பாட்டில் இரண்டு குரல் இருந்தால் திரையில் இரண்டு வரி இருக்கும். ஒன்றின் சத்தத்தை அமுக்கினால் மற்றது தனியாக நிற்கும். இங்கே ஒரே ஒரு வரி. கீழே ஒன்றும் இல்லை. போனில் பதிவான ஒற்றை மனுஷன் பேச்சு, அவ்வளவுதான். ஆனால் காதில் இரண்டு பேர்.

அன்பு உயிரோடு இல்லை என்று அந்த நிமிடமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அதற்கு அழுதாள். கொஞ்ச நேரம்தான். ஏனென்றால் அழுகையை இடித்துத் தள்ளிக்கொண்டு கோபம் வந்து நின்றது. அன்பு ஓடிப்போனான் என்று அன்புவே பாடுகிறான். உயிரோடு இருந்தவரைக்கும் முதலாளி சொன்னதற்கெல்லாம் தலையாட்டினான். செத்த பிறகும் அந்த ஆள் புளுகுக்குப் பின்பாட்டுப் பாட வேண்டுமா? என்ன தலையெழுத்து இது?

"மாமா, நீங்க ஓடலைன்னு அந்த மனுசனையே சொல்ல வெக்கிறேன்," என்றாள் லேப்டாப்பைப் பார்த்து. "உங்கள இந்த மண்ணுக்குக் கொண்டாராம உட மாட்டேன்."

மறுநாளே சங்ககிரிக்கு பஸ் ஏறினாள்.

பட்டறையில் பத்துப் பேர் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். கம்ப்ரசரைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். சென்னிமலை நாற்காலியில் இருந்தார். மூன்று காடு தள்ளி நிற்கிறவனை அங்கிருந்தே கூப்பிடுகிற குரல் அவருக்கு. அந்தக் குரலில், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, திரும்பவும் அதையே சொன்னார். இன்னும் இரண்டு அசிங்கமும் சேர்த்துச் சொன்னார். புருஷனைக் கைக்குள் வைத்துக்கொள்ளத் தெரியாதவளுக்குப் பாட்டு ஒரு கேடா என்றார். வேலையாட்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஒருத்தன் வாய் திறந்தானா? திறக்க மாட்டான். அவனவனுக்கு அவனவன் வயிறு.

கயல்விழி நகரவில்லை. "மாரியாத்தா மேல சத்தியம் பண்ணுங்க. போயிர்றேனுங்க."

அங்கேதான் அவர் தப்பு செய்தார். பொய் சொன்னது பெரிதில்லை, ஊரில் பாதிப் பேர் சொல்கிறார்கள். பட்டறைக்குள்ளே சின்னதாக அம்மன் படம் வைத்து விளக்குப் போட்டிருந்தது. குழி போடப் போகும் ஒவ்வொரு வண்டியும் அங்கே எலுமிச்சம்பழம் நசுக்கிவிட்டுத்தான் கிளம்பும். அந்த விளக்குக்கு நேராகக் கையை நீட்டினார். ஈ...ஈக். "மாரியாத்தா மேல சத்தியமாச் சொல்றேன். அவன் ஓடிப்போயிட்டான். பொய்யின்னா என்ற வாயி என்ற பேச்சக் கேக்காமப் போகட்டும்."

சொன்னவருக்கே அந்தக் கடைசி வாக்கியம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லையாம். அது பிற்பாடு அவர் மனைவி சொன்னது.

அந்த வாரமே ஆரம்பித்துவிட்டது.

முதலில் போனில். வண்டி புக்கிங் கேட்கிறவன், "பக்கத்துல யாருங்க பாடறது?" என்றான். டீசல் பங்கில், "கான்பரன்ஸ் காலுங்களா?" என்றார்கள். போனை மாற்றினார். நம்பரை மாற்றினார். மாற்றி என்ன, வாய் பழைய வாய்தானே? அடுத்து கோயில் திருவிழா. கமிட்டித் தலைவர் அவர்தான். ஒலிபெருக்கியில், "பக்தகோடிகள் அனைவரும் வரிசையாக வந்து..." என்று ஆரம்பித்தார். நான்கு கம்பத்துக் குழாயிலும் இரண்டு பேர் வரிசையாக வரச் சொன்னார்கள். ஒருவர் கத்தினார், ஒருவர் பாடினார். கூழுக்கு நின்ற பெண்கள் பாத்திரத்தோடு அப்படியே நின்றுவிட்டார்கள். மைக்செட்காரன் பதறிப்போய் ஆம்ப்ளிஃபயரை மாற்றினான், ஒயரை மாற்றினான், கடைசியில் மைக்கையே கழுவினான். "பக்தகோடிகள்..." கீழே அன்பு, "பக்தகோடிகள்..." சிரிக்காதீர்கள். அங்கே நின்றிருந்தால் யாருக்கும் சிரிப்பு வந்திருக்காது.

அதற்கு அப்புறம் மைக்கும் வேண்டியதில்லை, போனும் வேண்டியதில்லை. எதிரே உட்கார்ந்திருப்பவனுக்கே கேட்டது. சாப்பாட்டுக்கு உட்கார்ந்து "கொழம்பு ஊத்து" என்றால் இரண்டு பேர் குழம்பு கேட்டார்கள். பேரன் அலறிக்கொண்டு ஓடினான். வைத்தியம் பார்த்தார்கள், மந்திரித்தார்கள், தாயத்துக் கட்டினார்கள். அந்தப் பெரிய குரல்காரர் பேசுவதையே நிறுத்திவிட்டார். வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு பட்டறையில் உட்கார்ந்திருப்பார். ஈ...ஈக். ஈ...ஈக். மூச்சு மட்டும்.

ஊர் வாய் சும்மா இருக்குமா? "அந்தப் பாட்டுக்காரிதான் கம்ப்யூட்டருல என்னமோ பண்ணிக் குரலச் சேத்து உட்டுட்டா" என்று யாரோ அவர் வீட்டில் போட்டுக் கொடுத்தார்கள். சேர்த்தவளுக்கு எடுக்கவும் தெரியும் என்று நினைத்துவிட்டார்கள்.

அடுத்த கரண்ட் நிறுத்த நாள். அதே பன்னிரண்டரை மணி. தறிகள் ஓய்ந்த ஊர். கயல்விழி வீட்டு வாசலில் கார் வந்து நின்றது. சென்னிமலை இறங்கினார், வாயில் துண்டு. கூட அவர் மனைவி பொன்னாத்தாள்.

"கண்ணு," என்றார் அந்த அம்மாள். "நீ குரலச் சேப்பியாமா, எடுப்பியாமா. இந்த மனுசன் பேசி எத்தன நாளாச்சு பாரு சாமி. என்ன வேணும்னாலும் கேளு, செய்யிறோம். எடுத்து உட்டுரு."

கயல்விழிக்கு அந்த அம்மாள்மேல் கோபம் இல்லை. இருந்த கோபம் முழுக்கத் துண்டு கட்டிய ஆள்மேல்தான்.

"உள்ள வாங்க. ஊட்டுக்குப் பின்னால அறை இருக்குது. பேசுனாத்தானுங்க எடுக்க முடியுமா இல்லையான்னு தெரியும்."

முட்டை அட்டை அறை. ஜன்னலைச் சாத்தினாள். பேட்டரியில் லேப்டாப். மைக்குக்கு நேராக அவரை நிற்கவைத்தாள். துண்டை அவிழ்க்கச் சொன்னாள். அவர் தலையில் ஹெட்போனை அவளே மாட்டினாள். அவர் காதில் கேட்பது வெளியேயும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரையும் போட்டாள். பொன்னாத்தாள் கதவோரம் நின்றார். அந்த அறைக்குள் அவர்கள் மூன்று பேர்தான். கல்தூள் வாசனை ஏற்கெனவே வந்துவிட்டிருந்தது.

"அன்னைக்குச் சொன்னதையே சொல்லுங்க."

டிங்.

யாரும் எதையும் தட்டவில்லை.

ஈ...ஈக். "உன்ற புருசன்... ஓடிப்போயிட்டான்." கூடவே கீழ்க்குரல்.

திரையில் ஒரே வரி. கயல்விழி கையை நீட்டி அந்த ஒரே வரியையும் அமுக்கினாள். முதலாளி குரல் ஸ்பீக்கரில் நின்றுவிட்டது. ஒன்றும் கேட்கக்கூடாது. எப்படிக் கேட்கும்? இருந்த ஒரு வரியும் ஊமை.

"ஓடிப்போயிட்டான்..." என்று அன்பு மட்டும் தனியாகப் பாடி முடித்தான்.

பொன்னாத்தாள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். சென்னிமலை ஹெட்போனைக் கழற்றப் போனார். கயல்விழி அவர் கையைத் தட்டிவிட்டாள். ஆமாம், தட்டித்தான் விட்டாள். அமுக்கிய வரியைத் திறந்துவிட்டாள்.

"எங்க மாமா இத்தன நாளா நீங்க சொன்னதத்தான் பாடுனாருங்க. நெசத்தச் சொல்லுங்க. அதையும் பாடட்டும்."

ஈ...ஈக். ஈ...ஈக்.

"அன்னைக்கு..." என்று அவர் வாயைத் திறந்தார். அதற்குள் ஸ்பீக்கரில் கீழ்க்குரல் போய்க்கொண்டிருந்தது. இத்தனை நாள் கூடவே வந்த குரல் இப்போது முன்னால் போனது. அது சொல்லி முடிக்க, அவர் வாய் அதையே சொன்னது.

"கம்ப்ரசர் ஓசு புட்டுக்கிச்சு..."

"கம்ப்ரசர் ஓசு புட்டுக்கிச்சு."

"நெஞ்சுல அடிச்சுச்சு..."

"நெஞ்சுல... அடிச்சுச்சு."

"உசுரு இருந்துச்சு..."

அவர் தலையை ஆட்டினார். மாட்டேன், மாட்டேன் என்று ஆட்டினார். இரண்டு கையாலும் வாயைப் பொத்தினார். விரல் இடுக்கு வழியாக வாய் அது பாட்டுக்குப் பேசியது. "உசுரு இருந்துச்சு."

"தண்ணி கேட்டான்..."

"தண்ணி கேட்டான்."

"மேனேஜரு போன் பண்ணுனான்..."

"மேனேஜரு எனக்குப் போன் பண்ணுனான். நான் சொன்னேன்..."

அங்கே கீழ்க்குரல் நின்றுவிட்டது.

பாட்டுப் பதிகிறவர்களுக்கு இது தெரியும். முக்கியமான வரி வரும்போது துணைக்குரல் விலகிக்கொள்ளும். அந்த ஒரு வரி தனியாகத் தெரியட்டும் என்று. அன்பு அப்படித்தான் விலகினான். அறையில் எதிரொலி இல்லை. தறி இல்லை. சென்னிமலை தன் சொந்தக் குரலில், இத்தனை நாளில் முதல்முறையாகத் தனியாகப் பேசினார்.

"பாயிண்டு முடியட்டும், அப்புறம் பாத்துக்கலாம்னு சொன்னேன்."

குழி போடுகிற இடத்தைப் பாயிண்ட் என்பார்கள் ரிக்காரர்கள். காற்றுக்குழாய் தெறித்து அடித்து ஒருத்தன் நெஞ்சு நொறுங்கிக் கிடக்கிறான், தண்ணீர் கேட்கிறான். ஆஸ்பத்திரிக்குப் போனால் கேஸ் ஆகும், வண்டியைப் பிடித்து வைப்பார்கள், சீசன் போய்விடும். அதனால் குழியை முடியுங்கள் என்றார். முடித்தார்கள். பொழுது சாய்ந்தது. அவனும் முடிந்தான். குழிக்குப் பக்கத்திலேயே ஓர் இலந்தை மரத்தடியில் புதைத்துவிட்டு அடுத்த பாயிண்டுக்கு வண்டியை எடுத்தார்கள். இதைச் சொல்லும்போது எனக்கே பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது. கேட்டுக்கொண்டு நின்ற அவளுக்கு எப்படி இருந்திருக்கும்?

அவள் கேட்டது ஒன்றுதான். "எந்த ஊருங்க?"

சொன்னார். பதிவை நிறுத்தினாள்.

பொன்னாத்தாள் தரையில் உட்கார்ந்தபடியே கையெடுத்துக் கும்பிட்டார். "சொல்லிட்டாருல்ல சாமி... எடுத்து உட்டுரு."

"நான் சேக்கலைங்கம்மா. எடுக்கவும் எனக்குத் தெரியாதுங்க." கதவைத் திறந்துவிட்டாள். "தெரிஞ்சாலும் எடுக்க மாட்டேன்."

அந்தப் பதிவோடு போலீசுக்குப் போனாள். சிவக்குமாரும் கூடப் போனான். வடக்கே போய், இலந்தை மரத்தைக் கண்டுபிடித்து, தோண்டி, பெட்டியில் வைத்து அன்புவைக் கொண்டுவந்தார்கள். ஓடிப்போனவன் என்று பேசிய ஊர் எல்லைவரைக்கும் வந்து நின்றது. ஒருத்தர் விடாமல் அழுதார்கள். கயல்விழி அவர்களைப் பார்த்த பார்வையில் பாதிப் பேர் அழுகையை நிறுத்திவிட்டார்களாம். கேஸ் நடக்கிறது. முதலாளிமேலும் மேனேஜர்மேலும். நடக்கும், நடக்கும், நம் ஆயுசுக்கும் நடக்கும். சென்னிமலை ஜாமீனில் வெளியே வந்து வீட்டில்தான் இருக்கிறார்.

இத்தோடு கதை முடிந்தால் இதை நான் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டேன்.

மூன்று மாதம் கழித்து அவள் திரும்பவும் பாட்டு ஏற்ற ஆரம்பித்தாள். பாட்டில் இரண்டு குரல். மேலே அவள். கீழே அன்பு. பழைய பதிவுகள் மிச்சம் இருந்திருக்கும் போல என்று கேட்டவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். சிவக்குமாரும் அப்படித்தான் நினைத்தான். அப்புறம்தான் அவனுக்கு உறைத்தது. அது அவள் புதிதாகக் கட்டிய பாட்டு. அன்புவைக் கொண்டுவந்த நாளைப் பற்றிய பாட்டு. அதை அன்பு எப்படிப் பாடியிருப்பான்?

நேரில் போய்க் கேட்டான். அவள் மறைக்கவில்லை. கரண்ட் நிறுத்தும் நாளில், மதியம், சங்ககிரியிலிருந்து போன் வரும். பேசுவது பொன்னாத்தாள். "கண்ணு, ஆரம்பிச்சிரு சாமி" என்பார். புருஷன் வாய்ப்பக்கம் போனைப் பிடித்துக்கொள்வார். இவள் இங்கே பாடுவாள். அங்கே அவர் வாய், அவர் பேச்சைக் கேட்காமல், கீழ்க்குரல் பாடும். பாடி முடித்தால்தான் அவருக்குச் சோறு இறங்குகிறதாம். இல்லாவிட்டால் தொண்டை அடைத்துக்கொண்டு கண் பிதுங்கி நிற்கிறாராம். அந்த அம்மாள் என்ன செய்வார், பாவம்? தாலி கட்டியவனாயிற்றே.

சிவக்குமார் கெஞ்சினான். "கயலு, போதும் உட்டுரு. நெஞ்சுல மூச்சே இல்லாத மனுசன். பாடிப் பாடிச் செத்துருவாரு."

அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டே சொன்னாளாம்.

"பாட்டு முடியட்டும்ங்ண்ணா. அப்புறம் பாத்துக்கலாம்."

போன வாரம் ஏற்றிய பாட்டு என் போனில் இருக்கிறது. கிட்டே வாருங்கள்... பேசாதீர்கள். சத்தத்தைக் கூட்டுகிறேன்.

டிங்... கேட்டதா? அந்தக் குரலைக் கேளுங்கள், கீழே. அது அன்புதான். அவனோடு படித்தவர்களைக் கேளுங்கள், சத்தியம் செய்வார்கள். சந்தேகமே இல்லை, அன்புவின் குரல்.

இப்போது முதல் அடி முடிகிறது. அடுத்த அடி எடுப்பதற்கு முன்னால் அன்பு மூச்சு வாங்குகிற இடம் ஒன்று வரும். அந்த மூச்சை மட்டும் கவனியுங்கள்.

ஈ...ஈக்.